பயாப்ஸி ரிசல்ட் வரும்வரை

"சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம்மா, ஒரு வாரம் கழிச்சு வாங்க." மகளிர் மருத்துவப் பிரிவில் இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. கேட்டுக்கொண்டு வெளியே வரும் பெண் அந்த ஒரு வாரத்தை எப்படிக் கடத்துவாள் என்று யாரும் யோசிப்பதில்லை. 'தைரியமா இருங்க' என்பார்கள். சொன்னதும் வந்துவிடுகிற பொருளா தைரியம்? எடுத்த சதை எங்கே போகிறது, ஏன் இத்தனை நாள் ஆகிறது, ரிப்போர்ட்டில் என்னென்ன வார்த்தை வரலாம், அதை முதலில் யார் கேட்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் ஓரளவாவது பிடிக்குள் வரும். அதனால்தான் இந்தப் பதிவு.

இப்படிச் சதை எடுத்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் பயாப்ஸி. நம் ஊரில் பயாப்ஸி என்றாலே கேன்சர் என்றுதான் காதில் விழுகிறது. எதற்காக எடுத்தார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கர்ப்பப்பை வாயில் எடுத்திருந்தால், பெரும்பாலும் அதற்கு முன்பு ஒரு வடிகட்டும் சோதனை நடந்திருக்கும். கர்ப்பப்பை வாய்ச் செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியராகவோ, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டெஸ்டாகவோ இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, எங்காவது வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்திருப்பார்கள். வெள்ளையாக மாறப் பல காரணம் உண்டு. கிருமித் தொற்றாலும் மாறும், புண் ஆறும் இடத்திலும் மாறும், செல்கள் இயல்பாகவே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகிற இடத்திலும் மாறும். அதனால் 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கால்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு முற்றிய மாற்றம் எதுவும் இருப்பதில்லை.

இருந்தாலும் பயாப்ஸி ஏன் வேண்டும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. அங்கே 2000-இல் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. முடிவு 2007-இல் வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை இந்த அமிலச் சோதனையைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்குக் கால்போஸ்கோபி, பயாப்ஸி, சிகிச்சை என்று கொண்டுபோன ஊர்களில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் மரணம் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. காரணம் எளிது. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்பில், எச்.பி.வி. கிருமியால் மாறத் தொடங்கிய செல் புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு ஆகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டு. அந்த நீண்ட இடைவெளியில் பிடிப்பதற்குத்தான் இந்தச் சோதனை எல்லாமே. நீங்கள் காத்திருக்கும் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ நிலைமை கைமீறிப் போய்விடாது.

கர்ப்பப்பையின் உள்வரியில் எடுத்திருந்தால் கதை வேறு. அதிக உதிரப்போக்கு, மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் ரத்தம் படுதல், ஸ்கேனில் உள்வரி தடித்துத் தெரிதல் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பைப்பெல் என்ற சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள், அல்லது மயக்கம் கொடுத்து, கர்ப்பப்பை வாயை விரித்து உள்வரியைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி செய்வார்கள். மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு ரத்தம் பட்டால் அசட்டையாக இருக்கவே கூடாது. அப்படி வரும் பெண்கள் நூறு பேரில் சுமார் 9 பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. மீதி 91 பேருக்கு உள்வரி மெலிந்து வறண்டிருப்பது, பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி, ஹார்மோன் மாற்றம் போன்றவைதான் காரணம். இரண்டு எண்ணையும் சேர்த்தே மனதில் வையுங்கள். ஒன்பது இருப்பதால்தான் டெஸ்ட், தொண்ணூற்றொன்று இருப்பதால்தான் நம்பிக்கை.

வீட்டுக்கு வந்ததும் முதல் பீதி பெரும்பாலும் பாத்ரூமில்தான் தொடங்கும். கர்ப்பப்பை வாயில் சதை கிள்ளிய இடத்தில் ரத்தம் நிற்க மான்செல் திரவம் என்ற இரும்புச் சத்துள்ள மருந்தைத் தடவுவார்கள். அது இரண்டு மூன்று நாள் காபித்தூள் கரைசல் போலப் பழுப்பும் கறுப்புமாகக் கட்டிகட்டியாக வெளியே வரும். முன்பே யாரும் சொல்லாததால், 'உள்ளே அழுகிப்போயிருக்கு' என்று அழுகிற பெண்கள் உண்டு. அது வெறும் மருந்து. லேசான ரத்தக் கசிவும், மாதவிலக்கு வலி போன்ற இழுப்பும் சில நாள் இருக்கலாம். டாக்டர் சொல்லும்வரை, பொதுவாக ஒரு வாரம், தாம்பத்திய உறவு வேண்டாம். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் வேண்டாம். பெரியவர்கள் சொன்னார்கள் என்று மஞ்சளோ மூலிகையோ உள்ளே வைக்கவே கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிற அளவு ரத்தம் போனாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றத்துடன் நீர் பட்டாலோ, அடிவயிற்று வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ ரிசல்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி அந்தச் சதைத் துண்டின் பயணம். பல தனியார் கிளினிக்குகளில் பாட்டிலை நோயாளியின் கையிலோ கணவர் கையிலோ கொடுத்து 'லேபில் கொண்டுபோய்க் கொடுத்துடுங்க' என்பார்கள். உள்ளே இருப்பது 10 சதவீத ஃபார்மலின். சதையின் அளவைப் போலப் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும், சதை முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். பெயர், வயது, எந்த இடத்துச் சதை என்பது மூடியில் அல்லாமல் பாட்டில் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் லேபில் முதலில் கழற்றி வைப்பது மூடியைத்தான். இரண்டு மூன்று இடத்தில் எடுத்திருந்தால் தனித்தனிப் பாட்டில். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், அந்த நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். அவசரத்தில் யாராவது ஃபார்மலினுக்குப் பதில் சலைன் என்ற உப்பு நீரில் போட்டுவிட்டால் செல்கள் சில மணி நேரத்தில் சிதையத் தொடங்கிவிடும். அப்புறம் 'சரியாகத் தெரியவில்லை, மறுபடி எடுங்கள்' என்றுதான் ரிப்போர்ட் வரும்.

கூடவே போகும் சீட்டையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். கர்ப்பப்பை உள்வரி மாதத்தின் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு தோற்றத்தில் இருக்கும். கடைசி மாதவிலக்குத் தேதி, மாதவிலக்கு நின்றுவிட்டதா, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறீர்களா, மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறீர்களா என்ற விவரம் இல்லாவிட்டால் பார்க்கிற டாக்டர் பாதி இருட்டில்தான் பார்க்க வேண்டியிருக்கும். விட்டுப்போயிருந்தால் நர்ஸிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். லேபில் தரும் பயாப்ஸி எண்ணைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசாரிக்கும்போது பெயரைவிட அந்த எண்தான் வேலை செய்யும்.

ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் ஊறும். சிறிய துண்டுக்கே குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். பிறகு டாக்டர் துண்டுகளை எண்ணி, அளந்து, எழுதி, சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைப்பார். இரவு முழுக்க இயந்திரத்தில் ஆல்கஹால், சைலீன், உருகிய பாரஃபின் மெழுகு என்று வரிசையாக மாறிமாறி ஊறும். நீர் வெளியேறி அதன் இடத்தில் மெழுகு ஏறும். மறுநாள் மெழுகுக் கட்டியாக வார்த்து, 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கமில்லாமல் கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றுவார்கள். செல்லின் கரு நீலமாகவும் சுற்றியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதற்குப் பிறகே பேத்தாலஜிஸ்ட், அதாவது சதையைப் பார்த்து நோயைக் கண்டறியும் டாக்டர், மைக்ராஸ்கோப்பில் பார்க்க உட்காருவார். ரத்தப் பரிசோதனை போல இதைச் சாயங்காலமே கொடுக்க முடியாது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்று நான்கு நாள். கூட்டம் அதிகமுள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளில் பத்து நாளைத் தாண்டலாம். நடுவில் பொங்கலோ தீபாவளியோ வந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சொன்ன தேதியில் வராவிட்டால் 'கெட்ட செய்தி, அதான் இழுக்கிறாங்க' என்று மனம் உடனே முடிவுகட்டிவிடும். தாமதத்துக்குச் சாதாரணக் காரணங்களே அதிகம். துண்டு சிறியதாக இருந்தால் அதே மெழுகுக் கட்டியை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்பார்கள். ஒரு மாற்றம் லேசானதா முற்றியதா என்ற ஐயம் இருந்தால் பி16 போன்ற சிறப்புச் சாயம் போடுவார்கள், அதற்குச் சில நாள் கூடும். இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் உண்டு. நல்ல லேப் செய்கிற வேலை இது, இதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் சொன்ன தேதி கழிந்து இரண்டு நாள் ஆகியும் தகவல் இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். 'ஒண்ணும் இல்லைன்னா கூப்பிட மாட்டாங்க' என்று விட்டுவிடுவது ஆபத்து. ரிப்போர்ட் தயாராகி, யாரும் வாங்காமல் கட்டோடு கிடக்கிற நிலை நிஜமாகவே ஏற்படுகிறது. 'நேரில் வாங்க' என்று போன் வந்தாலும் அதிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. பல இடங்களில் நல்ல ரிசல்ட்டுக்கும் நேரில்தான் வரச் சொல்கிறார்கள்.

காத்திருப்பு உடம்பையே பாதிக்கும் என்பது கற்பனை இல்லை. மார்பக பயாப்ஸி செய்த பெண்களின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2009-இல் வந்தது. பயாப்ஸி முடிந்து ஐந்தாவது நாளில், ரிசல்ட் இன்னும் தெரியாதவர்களின் கார்டிசால் போக்கு, புற்றுநோய் என்று தெரிந்துகொண்டவர்களுடையதைப் போலவே இருந்தது. அதனால் 'இன்னும் ஒண்ணுமே தெரியல, அதுக்குள்ள ஏன் அழறே' என்று யாராவது சொன்னால், தெரியாததால்தான் இந்தப் பாடு என்று தயங்காமல் சொல்லலாம்.

கவலையை நிறுத்த முயல்வதைவிட அதற்கு நேரம் ஒதுக்குவது பலன் தரும். மாலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில், படுக்கைக்கு வெகுமுன்பே, இருபது நிமிடம். ஒரு நோட்டை எடுத்து மனதில் வருவதையெல்லாம் எழுதுங்கள். பக்கத்தின் ஒரு பாதியில் நாம் ஏதாவது செய்யக்கூடியவை: லேபுக்குப் போன் செய்வது, லீவு சொல்வது, காப்பீட்டு அட்டையைத் தேடி எடுப்பது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது. மறுபாதியில் நம் கையில் இல்லாதவை. பகலில் பயம் எட்டிப் பார்க்கும்போது ஒரே ஒரு சொல்லை மட்டும் குறித்துவிட்டு 'ஆறு மணிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுங்கள். முதல் இரண்டு நாள் இது சுத்தமாக எடுபடாது, விட்டுவிடத் தோன்றும். மூன்றாம் நாளுக்கு மேல்தான் மனம் அந்த நேரத்துக்குப் பழகத் தொடங்கும். எழுதாமல் மனதுக்குள்ளேயே செய்தால் அது சுற்றிச்சுற்றி வரும், ஆகவே எழுத வேண்டும்.

நெஞ்சு படபடக்கும்போது மூச்சு. நான்கு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே, ஐந்து நிமிடம். வெளிவிடும் மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். பலர் ஆழமாக இழுப்பதிலேயே குறியாக இருப்பார்கள், அதனால் தலைசுற்றி, பயம் இன்னும் கூடும். இழுப்பது சாதாரணமாக இருக்கட்டும், விடுவது நீளமாக இருக்கட்டும். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், மங்கிய வெளிச்சத்தில் துணி மடிப்பது போல ஏதாவது செய்யுங்கள். போன் மட்டும் அடுத்த அறையில் இருக்கட்டும். அந்த நேரத்துக் கூகுள் தேடல்போலக் கெடுதல் வேறில்லை. உங்கள் வயது, ஸ்கேன், வரலாறு எதுவும் தெரியாமல் மிக மோசமானதைத்தான் அது முதலில் காட்டும். பிற்பகலுக்கு மேல் காபி, டீ வேண்டாம். சாயங்காலம் அரை மணி நடந்தால் இரவு கொஞ்சம் இளகும். கோயிலுக்குப் போவதும் வேண்டுதலும் தாங்குகிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு விரதம் இருக்காதீர்கள்.

தொடர்ந்து பல இரவு தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்த வழிமுறைகளை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது.

யாரிடம் சொல்வது? இரண்டு பேர் போதும். ஒருவர் கூட வருபவர், இன்னொருவர் உங்கள் புலம்பலைப் பொறுமையாகக் கேட்பவர். சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டால், 'எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது' என்ற கதைகள் வீடு தேடி வரும். விசாரிப்பவர்களுக்கு, 'ரிசல்ட் வந்ததும் நாங்களே சொல்றோம்' என்ற ஒரே பதிலை வீட்டில் எல்லோரும் சொல்லட்டும்.

எச்.பி.வி. என்ற பெயர் வந்ததும் பல வீடுகளில் கணவன் மனைவிக்கிடையே சந்தேகமும் கூடவே நுழைகிறது. தாம்பத்திய வாழ்வில் இருக்கும் ஆண் பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒரு முறை தொற்றுகிற கிருமி அது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் தானாகவே போய்விடும். சிலருக்குப் பல ஆண்டு சத்தமில்லாமல் இருந்து பிறகு தெரியவரும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. அதை வைத்து யார் நடத்தையையும் எடைபோட முடியாது.

ரிசல்ட்டை முதலில் யார் கேட்பது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். நம் ஆஸ்பத்திரிகளில் கணவரையோ மகனையோ தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, 'அம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்' என்று மறைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மறைத்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலா போகும்? வீட்டில் எல்லோர் முகத்தையும் படித்துக்கொண்டு தனியாகப் பயப்படுவாள். சதை எடுக்கும் அன்றே டாக்டரிடம், 'ரிசல்ட் எதுவானாலும் என்கிட்டயே சொல்லுங்க, இவங்களும் கூட இருப்பாங்க' என்று சொல்லிவிடுங்கள். கேட்க விருப்பமில்லை, மகள் கேட்டால் போதும் என்று நீங்களே தீர்மானித்தால் அதுவும் உங்கள் உரிமைதான். தீர்மானம் உங்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவே.

இப்போது இன்னொரு சிக்கல், வாட்ஸ்அப். லேப்கள் ரிப்போர்ட்டை நேராகப் போனுக்கு அனுப்பிவிடுகின்றன, பல சமயம் சனிக்கிழமை இரவில். திங்கள்வரை விளக்கம் சொல்ல ஆள் இருக்காது. யார் நம்பரைக் கொடுப்பது, வந்தால் திறப்பதா வேண்டாமா என்று முன்னாடியே முடிவுசெய்து வையுங்கள்.

திறந்துவிட்டீர்கள் என்றால், பயமுறுத்துகிற மாதிரி ஒலிக்கும் பல சொற்கள் சாதாரணமானவை என்று தெரிந்திருக்கட்டும். 'க்ரானிக் செர்விசைட்டிஸ்' என்பது நாள்பட்ட அழற்சி, குழந்தை பெற்ற பெண்களிடம் சர்வ சாதாரணம். 'ஸ்க்வாமஸ் மெட்டாபிளேசியா' இயல்பான செல் மாற்றம், நோயே இல்லை. 'நபோத்தியன் சிஸ்ட்' சளி அடைத்த சிறு கொப்புளம். 'ப்ரொலிஃபரேட்டிவ்', 'செக்ரிட்டரி' என்பவை மாதச் சுழற்சியின் முதல் பாதியையும் பின் பாதியையும் குறிப்பவை. 'டிஸ்பிளேசியா' அல்லது சி.ஐ.என். என்று வந்தால் அது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம், புற்றுநோய் அல்ல. சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானே சரியாகிவிடும், கண்காணித்தால் போதும். சி.ஐ.என். 3-ஐ அப்படி விட முடியாது. சிகிச்சையே இல்லாமல் விட்டால் 30 ஆண்டில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குப் புற்றுநோயாகும். லீப் என்ற மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாம், பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

உள்வரியில் 'ஹைப்பர்பிளேசியா', அதாவது உள்வரி அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது என்றால், கூடவே வரும் சொல்லைப் பாருங்கள். 'வித்தவுட் ஏட்டிபியா' (செல்களின் தோற்றத்தில் கோளாறு இல்லை) என்றிருந்தால் 20 ஆண்டில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. ஹார்மோன் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயிலோ கொடுத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி சதை எடுத்துப் பார்ப்பார்கள். 'ஏட்டிபிக்கல்' (கோளாறு இருக்கிறது) என்றிருந்தால் உடனடிச் சிகிச்சை தேவை. 'இன்அடிக்வேட்' என்றால் சதை போதவில்லை என்று மட்டுமே அர்த்தம். 'ஒண்ணும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஃபைலை மூடிவிடாமல், மறுபடி எடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். 'க்ரானுலோமா' (அழற்சிச் செல்கள் சேர்ந்த சிறு திரள்) என்ற சொல் வந்தால் காசநோய்க்கான அடுத்த சோதனைகள் செய்வார்கள். கர்ப்பப்பையிலும் டி.பி. வரும், மருந்தால் குணமாகும்.

'எதுக்கு இந்த டெஸ்ட்டெல்லாம், கர்ப்பப்பையையே எடுத்துடலாம்' என்று ரிசல்ட் வருமுன்பே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் வாங்காதீர்கள். நிம்மதி கிடைக்கும் என்ற எண்ணத்தில் பல பெண்கள் தலையாட்டிவிடுகிறார்கள். பயாப்ஸியில் ஒன்றும் இல்லையென்றால் அந்த அறுவை பல சமயம் தேவையே இருக்காது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்தாலோ, சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை பெரும்பாலும் போதாது. அதற்கு வேறு விதமான அறுவை, அல்லது கதிர்வீச்சுடன் கீமோ. தவறான அறுவையை முதலில் செய்துவிட்டால் சரியான சிகிச்சை கடினமாகிவிடும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய ஸ்கேன், பாப் ஸ்மியர் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகள், காப்பீட்டு அட்டை, கேள்வி எழுதிய நோட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கூட வருபவர் குறிப்பெடுக்கட்டும், ஏனென்றால் முதல் வாக்கியத்துக்குப் பிறகு சொல்வது பலருக்குக் காதில் ஏறாது. சரியாக எந்த வகை, எந்த நிலை, அடுத்த அடி என்ன, எத்தனை நாளுக்குள், மறு பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். வேறு இடத்தில் கருத்துக் கேட்க நினைத்தால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையோ எதுவானாலும், ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் போதாது. சதை எடுத்த இடத்தில் எழுதிக் கொடுத்து, உங்கள் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். அவற்றை லேபில் பத்திரமாக வைத்திருப்பார்கள். வாங்கும்போது அவற்றில் உள்ள எண்ணும் உங்கள் பயாப்ஸி எண்ணும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே சரிபாருங்கள். பிளாக்கை வெயிலிலும் சூடான காரிலும் வைக்க வேண்டாம், மெழுகு இளகிவிடும்.